சோப்பு டப்பாவுக்குள் ஒரு சைரன்: 555 ஐசியில் விளக்கும் சத்தமும் செய்வது எப்படி

அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் ஓர் ஆம்புலன்ஸ் செய்து, வெள்ளை பெயின்ட் எல்லாம் அடித்து முடித்துவிட்டு, ஒரு வாரம் பாக்கி இருக்கும்போது என்னிடம் வந்தான். "மாமா, மேல லைட்டு மாறி மாறி எரியணும், சத்தமும் வரணும்." ரெடிமேடாகச் சைரன் ஐசியே உண்டு, கடையில் யுஎம் 3561 என்று கேட்டால் கிடைக்கும். போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் என்று எல்லாச் சத்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர் யாராவது "இது எப்படிப்பா வேலை செய்யுது?" என்று கேட்டால் பையன் "ஐசி செய்யுது சார்" என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். ஆர்டுயினோவும் வேண்டாம், இரண்டு விளக்கு மினுக்கக் கம்ப்யூட்டர் எதற்கு? அதனால் 555 என்கிற டைமர் ஐசி இரண்டு வாங்கி உட்கார்ந்தோம்.

நாங்கள் செய்தது இதுதான். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி ஒன்று, நீல எல்இடி ஒன்று, ஒரு சின்ன ஸ்பீக்கர். விநாடிக்கு ஒரு தரம் விளக்குகள் மாறி மாறி எரியும், விளக்கு மாறும்போதே சத்தமும் மேலே கீழே மாறும். உள்ளே இருப்பது ஒரே சர்க்யூட்தான், இரண்டு தடவை. இரண்டிலும் ரெசிஸ்டர் (கரண்டைத் தடுத்து மெதுவாக்குவது) மதிப்புகூட ஒன்றே. கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைத்து விடுவது) மட்டும் ஒன்றில் பத்து மைக்ரோ ஃபாரட், இன்னொன்றில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய கெப்பாசிட்டர் போட்டால் கண்ணுக்கு, சின்னது போட்டால் காதுக்கு. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் வயர் மாட்டுகிற வேலை.

வாங்க வேண்டியவை

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, ஒரே கடையில் எல்லாம் முடிந்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் டிவி ரிப்பேர் கடைக்காரரிடம் சாமான் எங்கே வாங்குகிறார் என்று விசாரித்தால் போதும். ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்:

என்இ 555 ஐசி – 2 (மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்)
8 கால் ஐசி பேஸ் – 2
கால் வாட் ரெசிஸ்டர் (கே என்றால் ஆயிரம் ஓம்): 10 கே – 3, 68 கே – 2, 470 ஓம் – 2, 100 ஓம் – 1
எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், 16 வோல்ட் அல்லது 25 வோல்ட்: 10 மைக்ரோ – 2, 100 மைக்ரோ – 1
டிஸ்க் கெப்பாசிட்டர்: 103 – 2, 104 – 2
5 மில்லிமீட்டர் எல்இடி: சிவப்பு 1, நீலம் 1
8 ஓம், அரை வாட் ஸ்பீக்கர் – 1
4007 டயோடு – 1
9 வோல்ட் பேட்டரி, அதற்கான க்ளிப், ஒரு சின்ன ஸ்விட்ச்
ப்ரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகிப் பார்க்க), அதற்கான வயர், டாட் போர்டு (கடைசியில் பற்றவைக்க) ஒரு துண்டு

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சில்லறைக் காசுதான், ஸ்பீக்கரும் பேட்டரியும்தான் கொஞ்சம் விலை. ரெசிஸ்டரை எண்ணி வாங்காமல் ஒவ்வொன்றிலும் பத்தாக வாங்கிவிடுங்கள், கடைக்காரரும் அப்படித்தான் கொடுக்க விரும்புவார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும். நிறக்கோடு வைத்துப் பிரித்துவிடுங்கள்: பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கே. நீலம், சாம்பல், ஆரஞ்சு 68 கே. மஞ்சள், ஊதா, பழுப்பு 470 ஓம். பழுப்பு, கறுப்பு, பழுப்பு 100 ஓம். 10 கேயும் 100 ஓமும் மூன்றாவது கோட்டில் மட்டும்தான் வேறுபடும், டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. டிஸ்க் கெப்பாசிட்டரில் 103 என்று இருந்தால் 10-க்குப் பின்னால் மூன்று சைபர் என்று அர்த்தம், அதாவது 10,000 பிக்கோ ஃபாரட், அதுதான் 0.01 மைக்ரோ. 104 என்றால் 0.1 மைக்ரோ.

எல்இடியில் நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டீர்கள் என்றால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது மைனஸ். எலக்ட்ரோலிடிக்கில் உடம்பின் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அந்தப் பக்கத்துக் கால் மைனஸ். இதைத் தலைகீழாக மாட்டினால் கெட்டுப்போகும், சில சமயம் உப்பி வெடிக்கும்.

555 உள்ளே என்ன நடக்கிறது

1971-இல் ஹான்ஸ் கேமென்சிண்ட் என்பவர் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்த ஐசி இது, விற்பனைக்கு வந்தது 1972-இல். ஐம்பது வருஷம் தாண்டியும் இன்னும் புதிதாகத் தயாராகி வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே மூன்று 5 கே ரெசிஸ்டர் வரிசையாக இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்தது என்று காலேஜில்கூடச் சொல்லித் தருவார்கள். அப்படி இல்லை, சும்மா வைத்த நம்பர் என்று வடிவமைத்தவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மூன்று ரெசிஸ்டர் நிஜமாகவே உள்ளே இருக்கின்றன, அவைதான் பேட்டரி வோல்டேஜை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது, மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று. தண்ணீர் மேல் கோட்டைத் தொட்டதும் அடியில் உள்ள குழாயைத் திறந்துவிட வேண்டும். கீழ்க் கோட்டுக்கு இறங்கியதும் குழாயை மூடினால் மறுபடி நிரம்பும். இதையே ஓயாமல் செய்கிற வாட்ச்மேன்தான் 555. தொட்டி என்பது கெப்பாசிட்டர். மேல் கோட்டைப் பார்ப்பது 6-ஆம் கால், கீழ்க் கோட்டைப் பார்ப்பது 2-ஆம் கால், திறந்து மூடுகிற குழாய் 7-ஆம் கால். நிரம்பும்போது 3-ஆம் காலில் வோல்டேஜ் மேலே இருக்கும், வடியும்போது கீழே இருக்கும். ரெசிஸ்டர்கள் குழாயின் குறுகல் மாதிரி, மதிப்பு கூடக் கூடத் தண்ணீர் மெதுவாகப் போகும்.

கோடுகள் எப்போதும் பேட்டரி வோல்டேஜில் இத்தனை பங்கு என்றே இருப்பதால் பேட்டரி 9-இலிருந்து 7-க்கு இறங்கினாலும் வேகம் ஏறக்குறைய மாறாது. வெளிச்சம் குறையும், சத்தம் குறையும், தாளம் மட்டும் அப்படியே இருக்கும்.

கணக்கும் எளிது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் = 0.693 × (மேல் ரெசிஸ்டர் + கீழ் ரெசிஸ்டர் இரண்டு மடங்கு) × கெப்பாசிட்டர். நம்முடையது 10 கே, 68 கே. 10 கூட்டல் 136, ஆக 146 கே. 10 மைக்ரோவால் பெருக்கினால் 1.46, அதை 0.693-ஆல் பெருக்கினால் 1.01 விநாடி. கெப்பாசிட்டரை 0.01 மைக்ரோ ஆக்கினால் அதுவே ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் தடவை. விநாடிக்கு ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆயிரம் காதில் "பீ" என்று விழுகிறது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களில் இருபது சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், உங்களுடையது 0.8 விநாடியோ 1.2 விநாடியோ வந்தால் பதற வேண்டாம்.

முதலில் விளக்கு

ப்ரெட்போர்டில் குறுக்காக ஐந்து ஐந்து ஓட்டைகள் உள்ளே ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. மேலேயும் கீழேயும் நீளவாக்கில் ஓடும் வரிசைகள் பிளஸ், மைனஸுக்கு. பெரிய போர்டுகள் சிலவற்றில் இந்த நீள வரிசை நடுவில் விட்டுப்போயிருக்கும், இடது பாதியில் பேட்டரி கொடுத்துவிட்டு வலது பாதியில் கரண்ட் வரவில்லை என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறேன். மீட்டரில் கன்டினியூட்டி (இரண்டு இடத்துக்கும் இணைப்பு இருந்தால் கூவும்) வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஐசியை நடுப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் கால் விழுகிற மாதிரி அழுத்துங்கள். ஐசியின் ஒரு முனையில் வெட்டோ புள்ளியோ இருக்கும், அது உங்களுக்கு இடது கைப்பக்கம் வரட்டும். இப்போது இடது கீழ்க் கால் 1. அங்கிருந்து வலப்பக்கம் 2, 3, 4. மேல் வரிசையில் வலது ஓரத்தில் 5, அப்படியே திரும்பி 6, 7, இடது மேல் மூலையில் 8.

8-ஆம் காலைப் பிளஸுக்கும் 1-ஆம் காலை மைனஸுக்கும் கொடுங்கள். 4-ஆம் கால் ரீசெட், அதையும் பிளஸுக்குக் கொடுத்துவிடுங்கள், அந்தரத்தில் விட்டால் சர்க்யூட் நினைத்தபோது நின்று நினைத்தபோது ஓடும். 2-ஐயும் 6-ஐயும் ஒரு வயரால் சேருங்கள். பிளஸிலிருந்து 7-க்கு 10 கே. 7-இலிருந்து 6-க்கு 68 கே. 2-இலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ கெப்பாசிட்டர், கோடு போட்ட பக்கம் மைனஸுக்கு. 5-இலிருந்து மைனஸுக்கு ஒரு 103. ஐசியின் 8-க்கும் 1-க்கும் குறுக்கே, முடிந்த மட்டும் ஒட்டியே, ஒரு 104. அந்த 10 கேயை மட்டும் "சும்மா வயர் போட்டால் என்ன" என்று விட்டுவிடாதீர்கள், வடியும் நேரத்தில் 7-ஆம் கால் நேராக மைனஸைத் தொடும், நடுவில் ரெசிஸ்டர் இல்லை என்றால் பேட்டரியே ஐசி வழியாக ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம் எல்இடிகள். 3-ஆம் காலிலிருந்து ஒரு 470 ஓம், அதன் மறுமுனையில் சிவப்பு எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் மைனஸில். 3 மேலே போகும்போது இது எரியும். இன்னொரு 470 ஓமும் 3-ஆம் காலிலிருந்தே. அதன் மறுமுனையில் நீல எல்இடியின் குட்டைக் கால், நீளக் கால் பிளஸில். 3 கீழே இறங்கும்போது இது எரியும்.

ஏன் நீலம் பிளஸ் பக்கம், சிவப்பு மைனஸ் பக்கம்? காரணம் இருக்கிறது. இந்த ஐசியில் 3-ஆம் கால் மேலே போனாலும் முழு 9 வோல்ட்டுக்குப் போகாது, ஒன்றரை வோல்ட் போலக் குறைவாக நின்றுவிடும். பிளஸ் பக்கம் இருக்கும் எல்இடிக்கு அந்த ஒன்றரை வோல்ட் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். சிவப்பு எரிய 1.8 வோல்ட்டை ஒட்டிப் போதும், ஒன்றரைக்கும் அதற்கும் தூரம் அதிகம் இல்லை. நீலத்துக்கு மூன்று வோல்ட் வேண்டும், அதனால் அணையும்போது சுத்தமாக அணைந்துவிடும். இன்னொரு வசதி, இந்த அமைப்பில் இரண்டுக்கும் 470 ஓமிலேயே ஏறக்குறைய 12 மில்லி ஆம்பியர் வந்துவிடுகிறது.

பேட்டரியை மாட்டுங்கள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். வந்துவிட்டதா? வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு விளக்கு மட்டும் அணையாமல் நின்றால் பெரும்பாலும் 2-உம் 6-உம் சேரவில்லை, அல்லது கெப்பாசிட்டர் ஓர் ஓட்டை தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே எரியவில்லை, ஐசியும் சூடாக இருக்கிறது என்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

அடுத்து சத்தம்

இதே சர்க்யூட்டைப் பக்கத்தில் இன்னொரு தடவை போடுங்கள். நிஜமாகவே அதேதான்: 8, 4 பிளஸ், 1 மைனஸ், 2-உம் 6-உம் சேர்ந்து, 10 கே, 68 கே, 8-க்கும் 1-க்கும் இடையில் 104. 10 மைக்ரோ இருந்த இடத்தில் மட்டும் 103 டிஸ்க். அதற்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். இதன் 5-ஆம் காலை இப்போதைக்குச் சும்மா விடுங்கள்.

3-ஆம் காலிலிருந்து 100 ஓம், அடுத்து இரண்டாவது 10 மைக்ரோவின் பிளஸ் கால், அதன் மைனஸ் காலிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸுக்கு. சிலர் 100 ஓமை விட்டுவிட்டு ஸ்பீக்கரை நேராகவே கொடுப்பார்கள், சத்தம் காதைக் கிழிக்கும், ஐசியும் பேட்டரியும் சேர்ந்து வாடும். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு இந்தச் சத்தமே அதிகம், வேண்டும் என்றால் பிறகு 47 ஓம் ஆக்கிக்கொள்ளலாம்.

கடைசியாகப் போர்டின் பிளஸ், மைனஸ் வரிசைகளுக்குக் குறுக்கே அந்த 100 மைக்ரோவை மாட்டிவிடுங்கள். 555 ஒவ்வொரு தடவை நிலை மாறும்போதும் பேட்டரியிலிருந்து ஒரு வாய் கரண்டை வெடுக்கென்று இழுக்கும், இது இல்லாமல் போனால் அந்தத் திடுக்கம் பக்கத்து ஐசிக்கும் போய் விளக்கு தடுமாறும்.

பேட்டரி கொடுத்தால் இப்போது விளக்குகள் ஒரு பக்கம் மினுங்கும், ஸ்பீக்கர் இன்னொரு பக்கம் ஒரே சுருதியில் "பீ......" என்று கத்தும். இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று பேச்சே இல்லை.

இரண்டையும் பேச வைப்பது

ஒரு ரெசிஸ்டர்தான் பாக்கி. முதல் ஐசியின் 3-ஆம் காலிலிருந்து இரண்டாவது ஐசியின் 5-ஆம் காலுக்கு அந்த மூன்றாவது 10 கே. மாட்டிய அந்த நொடியே "பீ" என்பது "பீ-பூ, பீ-பூ" ஆகிவிடும். அக்கா மகன் இந்த இடத்தில்தான் நாற்காலியை விட்டு எழுந்தான்.

தொட்டிக் கணக்கில் சொன்னால், 5-ஆம் கால் என்பது அந்தக் கோடுகளையே மேலே கீழே நகர்த்துகிற பிடி. முதல் ஐசியின் 3 கீழே இறங்கும்போது அந்தப் பிடியையும் கீழே இழுக்கிறது, கோடு தாழ்கிறது, நிரப்ப வேண்டிய தண்ணீர் குறைகிறது, வேகம் கூடுகிறது, சுருதி ஏறுகிறது. 3 மேலே போகும்போது கோடு கொஞ்சம் உயர்ந்து சுருதி இறங்குகிறது. கணக்குப் போட்டால் மேல் சுருதி 1,250 ஹெர்ட்ஸை ஒட்டியும் கீழ் சுருதி 900-ஐ ஒட்டியும் வருகிறது. ஆக நீலம் எரியும்போது "பீ", சிவப்பு எரியும்போது "பூ". நான் முதலில் தலைகீழாக நினைத்திருந்தேன், வோல்டேஜ் ஏறினால் சுருதியும் ஏறும் என்று. பையன்தான் "மாமா, நீலத்துக்குத்தான் கீச்சுனு வருது" என்று கண்டுபிடித்துச் சொன்னான், அதற்கப்புறம்தான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கழற்றுவதற்கு முன் கொஞ்சம் விளையாட்டு

உடனே பற்றவைக்க ஓடாதீர்கள். (இந்த விளையாட்டுக்குச் சீட்டில் உள்ளது போக ஒரு 10 மைக்ரோ, ஒரு 1 மைக்ரோ, ஒரு 104 கூடுதலாக வேண்டும்.) இரண்டு ஐசியையும் இணைக்கிற அந்த 10 கேயைக் கழற்றிவிட்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, சத்த சர்க்யூட்டில் 103 இருந்த இடத்தில் ஒரு 10 மைக்ரோவைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்பீக்கரில் "டொக்... டொக்..." என்று கடிகாரம் மாதிரி கேட்கும், விநாடிக்கு இரண்டு. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. 1 மைக்ரோ போட்டால் "டரரர" என்று மோட்டார் சைக்கிள் கிளம்புகிற மாதிரி. 104 போட்டால் முரட்டு ரீங்காரம். 103-க்கு வந்ததும் தனித்தனி டொக்குகள் எல்லாம் கரைந்து ஒரே ஸ்வரமாகிவிடும்.

அதையே திருப்பி, விளக்கு சர்க்யூட்டில் 10 மைக்ரோவுக்குப் பதில் 104 போடுங்கள். இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் விடாமல் எரிகிற மாதிரி தெரியும். உண்மையில் விநாடிக்கு நூறு தடவை மாறி மாறித்தான் எரிகின்றன, கண்ணால் பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் போர்டைக் கையில் பிடித்து இடமும் வலமும் வேகமாக வீசிப் பாருங்கள். காற்றில் முழுக் கோடு விழாது, துண்டு துண்டாக விழும், சிவப்பு விட்ட இடைவெளியில் நீலம், நீலம் விட்ட இடைவெளியில் சிவப்பு, பாசிமணி கோத்த மாதிரி. எங்கள் கண்காட்சியில் கூட்டம் சேர்ந்தது சைரனுக்கு இல்லை, இதற்குத்தான். ஒரே எச்சரிக்கை, விளக்கில் 1 மைக்ரோ போட்டு விநாடிக்குப் பத்துத் தடவை மினுக்குவதைத் தவிர்த்துவிடுங்கள், வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அந்த வேகத்து மினுக்கல் ஆகாது.

போர்டில் ஏற்றுவது

ப்ரெட்போர்டு எல்லாம் மேஜை மேல்தான். ஆம்புலன்ஸுக்குள் வைக்க வேண்டும் என்றால் டாட் போர்டில் பற்றவைத்தே ஆக வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். 60/40 ஈயம் 190 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி எடுத்துவந்து சந்தனம் பூசுவது போல இணைப்பில் பூசுவார்கள், அது ஒட்டாது, ஒட்டினாலும் நாலு நாளில் லூஸ் கான்டாக்ட் ஆகும். அயர்ன் முனையைக் காலும் செம்பு வட்டமும் சேரும் இடத்தில் வைத்து, அது சூடானதும் எதிர்ப்பக்கமிருந்து ஈயக் கம்பியைக் கொடுங்கள். தானாக ஓடிப் பரவும். மொத்தமே இரண்டு மூன்று விநாடி. நன்றாக வந்தால் சின்னக் கோபுரம் மாதிரி பளபளவென்று நிற்கும், உருண்டையாக மங்கிப்போய் இருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள், ஈயம் விளையாட்டுச் சாமான் இல்லை.

ஐசியை நேராகப் பற்றவைக்காமல் ஐசி பேஸைப் பற்றவைத்துவிட்டு எல்லாம் முடிந்த பிறகு ஐசியைச் செருகுங்கள்.

இப்போது மூன்றாவது ஐசி கதை. போர்டைத் திருப்பிப் போட்டால் கால் வரிசையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிவிடும், 1 இருந்த இடத்தில் 8 வந்துவிடும். இது தெரிந்த விஷயம்தான், எத்தனையோ தடவை செய்தும் இருக்கிறேன், இருந்தும் ராத்திரி பதினொரு மணிக்குக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்து மேல்பக்கத்து நம்பரிலேயே வயர் ஓட்டிவிட்டேன். ஸ்விட்ச் போட்டால் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. ஐசி மேல் விரலை வைத்தேன், சுருக்கென்றது, விரலை எடுத்தபிறகும் எரிந்துகொண்டே இருந்தது, மறுநாள் காலையில் நுனியில் ஒரு சின்னக் கொப்புளம். ஐசி போயே போய்விட்டது. அதனால் போர்டின் அடிப்பக்கமே மார்க்கரால் 1, 8 என்று எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டரிப் பிளஸிலிருந்து வரும் வயரில், ஸ்விட்சுக்கு அடுத்து, 4007 டயோடைத் தொடராகப் போடுங்கள், வெள்ளிக் கோடு சர்க்யூட் பக்கம் பார்க்க வேண்டும். பேட்டரியை மாற்றி மாட்டினால் அது கரண்டை விடாது. 0.7 வோல்ட் அதற்குப் போகும், போகட்டும். ஆனால் என் மாதிரி ஆட்கள் போர்டிலேயே தப்பாக வயர் ஓட்டினால் அது காப்பாற்றாது.

பற்றவைத்து முடிந்ததும், ஐசி செருகுவதற்கு முன், மீட்டரில் பிளஸ், மைனஸ் இடையே கன்டினியூட்டி வைத்துப் பாருங்கள். விடாமல் கூவினால் எங்கேயோ ஈயம் ஒழுகி ஷார்ட்.

டப்பா

கடையில் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகிற மூடி போட்ட சோப்பு டப்பா இதைவிட நன்றாக இருக்கும், சாமான் முழுக்க அதில் அடங்கிவிடும். சோப்பு நழுவாமல் இருக்க அடியில் உள்ள மேடுகளுக்கு மேல் போர்டு உட்காரும், இடுக்கில் வயர் ஓடும். சிலவற்றில் தண்ணீர் வடிய ஓட்டைகளே இருக்கும், ஸ்பீக்கரை அதற்கு நேராக ஒட்டிவிட்டால் வேலை மிச்சம். இல்லை என்றால் ஒரு ஆணியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் சூடு காட்டி ஓட்டை போடுங்கள், வாசலில் வைத்துச் செய்யுங்கள், நாற்றம் தாங்காது. ஸ்பீக்கரைத் திறந்தவெளியில் வைத்துக் கேட்டதற்கும் டப்பாவில் ஒட்டிக் கேட்டதற்கும் சத்தத்தில் நல்ல வித்தியாசம் தெரியும், முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வது நின்றுவிடுகிறது.

பேட்டரி விஷயம். மொத்தமாக 40 மில்லி ஆம்பியரை ஒட்டி இழுக்கும். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். மலிவான பேட்டரி அதில் பாதிகூட வராது. கண்காட்சி மாதிரி நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் பென்சில் பேட்டரி ஆறு போடுகிற ஹோல்டர் வாங்கிவிடுங்கள், அதுவும் 9 வோல்ட்தான், நாலு மடங்கு தாங்கும். மொபைல் பேட்டரி, பவர் பேங்க் செல் எல்லாம் கழற்றி மாட்ட வேண்டாம். 3.7 வோல்ட்டில் இந்த 555 ஒழுங்காக ஓடாது, அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், தவிர லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். 9 வோல்ட் பேட்டரியையும் சில்லறைக் காசோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரு நாணயம் போதும் சுட்டுவிட.

இதைப் பைக்கில் மாட்டலாமா என்று கண்காட்சியிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். மாட்டக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆம் விதி, சுருதி மாறி மாறி ஒலிக்கிற ஹாரனை ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி வண்டிகளுக்குத்தான் விட்டுவைத்திருக்கிறது.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், சத்த சர்க்யூட்டில் 68 கே இருக்கிற இடத்தில் ஒரு எல்டிஆர் போடுங்கள். வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும், நிழல் பட்டால் கூடும். கையை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போகச் சுருதி இறங்கும், எடுத்தால் ஏறும், டார்ச் அடித்தால் கீச்சிடும். தொடாமலேயே வாசிக்கிற வாத்தியம் மாதிரி. கண்காட்சி முடிந்து ஆம்புலன்ஸ் பரண் மேல் போய்விட்டது, சோப்பு டப்பாவை மட்டும் பையன் இப்படி மாற்றி வைத்துக்கொண்டு டேபிள் லைட்டுக்குக் கீழே ஏதோ பாட்டு என்று சாதகம் பண்ணிக்கொண்டிருந்தான். போன ஞாயிறு போனபோது சத்தமே இல்லை. கேட்டால், பேட்டரியை அவன் அம்மா எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாளாம், பருப்பு டப்பா வரைக்கும் தேடிவிட்டானாம்.